சாக்குக்குள் கழியும் சில மணி நேரம்

தேயிலையின் தரம் செடியிலும் தொழிற்சாலையிலும்தான் தீர்மானமாகிறது என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குச் செல்லும் வழியெங்கும் கூடவே சென்று கவனிப்போர், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்திலேயே தரத்தின் பெரும்பகுதி காக்கப்படுவதையோ இழக்கப்படுவதையோ காண்பர்.

பறித்த கொழுந்து உடனே இறந்துவிடுவதில்லை. அது தொடர்ந்து சுவாசித்து வெப்பத்தை வெளியிடுகிறது. கூடையில் தளர்வாகக் கிடக்கும்வரை அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். சாலையோர எடைமேடையிலோ, வண்டியில் இன்னும் இரண்டு சாக்குக்கு இடம் வேண்டுமென்று சுமை ஏற்றுபவர் முழங்காலால் அழுத்தி வாயைக் கட்டுகிறார். நண்பகலுக்குப் பின் அத்தகைய சாக்கின் நடுவில் கையை விட்டால் சூடு தெரியும். வெளியே எடுக்கும் பிடியில் சில இலைகள் ஓரத்திலும் காம்பருகிலும் செம்பு நிறமாகியிருக்கும்.

இந்தச் சிவப்பின் காரணம் இலையின் உள்ளமைப்பில் இருக்கிறது. இளங்கொழுந்தின் உலர் எடையில் 25 முதல் 30 சதவீதம் வரை இருக்கும் பாலிபீனால்களில் பெரும்பகுதி கேட்டகின் என்னும் துவர்ப்புப் பொருள்கள். இவை உயிரணுவின் நுண்குமிழிக்குள்ளும், இவற்றை ஆக்சிஜனுடன் சேர்க்கும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி அதற்கு வெளியிலும் தனித்தனியே இருக்கின்றன. இலை நசுங்கினால் இரண்டும் கலந்து, தேநீருக்குப் பொன்னிறப் பளபளப்பும் சுறுக்கென்ற சுவையும் தரும் தியாஃபிளேவினும், அடர்நிறம் தரும் தியாரூபிஜினும் உருவாகின்றன. தொழிற்சாலை வேண்டுவதும் இதே வினையைத்தான், ஆனால் குளிர்ந்த சூழலில், தான் குறிக்கும் நேரத்தில். இலையின் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டும் சாக்கில் அது தாறுமாறாக நடந்து முடிந்துவிடுவதால், பின்னர் எவ்வளவு கவனமாகப் பதப்படுத்தினாலும் மங்கலான, சப்பென்ற தேநீரே கிடைக்கும். ஆள் பற்றாக்குறையால் கையெடுப்புக்குப் பதிலாகக் கத்தரி பரவிய தோட்டங்களில் வெட்டுப்பட்ட இலை கூடுதல் என்பதால் ஆபத்தும் கூடுதல்.

தொழிற்சாலையை அடைந்ததும் வாட்டுத் தொட்டியில், கம்பிவலை மேல் பரப்பிய கொழுந்துக்கு அடியிலிருந்து விசிறி காற்றைச் செலுத்துகிறது. 75 முதல் 80 சதவீதம் வரையிருந்த நீர், நீலகிரியில் பெருவழக்கான, இலையைக் கிழித்துத் துகளாக்கும் சிடிசி முறைக்கு ஏறத்தாழ 70 சதவீதமாகவும், இலையை முறுக்கும் ஆர்த்தடாக்ஸ் முறைக்கு இன்னும் கீழாகவும் குறைய வேண்டும். அனுபவமுள்ள டீமேக்கர் ஒரு பிடியை இறுக்கி விடுகிறார்: பந்து மெல்ல விரிய வேண்டும், காம்பு முறியாமல் வளைய வேண்டும். ஆயினும் நீர் வற்றுவது மட்டும் வாட்டமாகாது. இலை வாடும் மணி நேரங்களில்தான் புரதங்கள் சிதைந்து அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் சர்க்கரைப் பிணைப்பிலிருந்து விடுபடத் தொடங்குகின்றன. வரத்து மிகுந்த நாளில் சூடான காற்றை ஏற்றி விரைவாக வாட்டினால், பிடிச் சோதனையில் தேறும் இலை மணத்தில் தேறாது போவது இதனாலேயே. அதன் பின் சிடிசி உருளைகள் இலையைச் சில நிமிடங்களில் கிழித்துத் துகளாக்கிவிடுகின்றன. அதைத் தொடரும் ஆக்சிஜனேற்றத்தை அளவுக்கு மேல் நீட்டினால் தியாஃபிளேவின் குறைந்து நிறம் மட்டும் அடர்கிறது.

சாக்கை அழுத்துபவரைக் குறைசொல்வது எளிது, நியாயமன்று. பறிப்பவருக்குக் கிலோ கணக்கில் கூலி, வண்டிக்கு நடைக் கணக்கில் வாடகை. விவசாயிக்கான குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் மாவட்டச் சராசரியாக மாதந்தோறும் அறிவிக்கிறது. தராசில் சூடேறிய கொழுந்தும் குளிர்ந்த கொழுந்தும் ஒன்றே. நல்ல கொழுந்துக்குக் கூடுதல் விலை தரும் தொழிற்சாலைகள் இருந்தாலும், அத்தொகை சாக்கைத் தளர்வாகக் கட்டுவதால் வேண்டியிருக்கும் இரண்டாவது நடையின் செலவை ஈடுகட்டினால்தான் வலைப்பை, நிழற்கூரை, நாளுக்கு இருமுறை சேகரிப்பு ஆகிய எளிய மாற்றங்கள் மலைச்சாலை வரை வந்து சேரும்.