காத்திருந்த கார்

டென்மார்க்கில் வாழும் எம்மவர் வீடுகளில் கார் என்பது இன்று கதிரை, மேசை போன்று ஒரு சாதாரணப் பொருளாகிவிட்டது. தமிழ்ப் பாடசாலை வாசலில் வரிசையாக வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுச் செல்லும் கார்களுள், காலையில் இயங்க மறுக்கும் கார் ஒன்றேனும் இருக்குமோ தெரியாது. ஆனால் இந்நாட்டுக்கு முதலில் வந்து சேர்ந்த எமது பெற்றோரின் கார்கள் அத்தகையன அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணமும், ஒரு நோயும், ஒரு செல்லப்பெயரும் இருந்தன. அவற்றுள் ஒன்றான என் தந்தையாரின் நீலநிறக் காரைப் பற்றியே இம்மலரில் எழுத விரும்புகின்றேன்.

அது ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் உயர்தரக் கார். பெயரை இங்கு எழுதவில்லை. அதற்கு நேர்ந்தவற்றுக்கு அதனைச் செய்தவர்களைக் குறைகூறுவது நீதியன்று. நீண்ட முன்புறம், இரண்டிரண்டாக நான்கு வட்ட விளக்குகள், தேன்நிறத் தோல் இருக்கைகள். கதவைச் சாத்தினால் 'டப்' என்று ஒரு கனத்த, மெல்லிய ஓசை எழும். அந்த ஓசைக்காகவே நானும் தங்கையும் கதவைத் திறந்து திறந்து மூடுவோம்.

அப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று பிரித்தானியக் கார்கள் அங்கே பல தசாப்தங்கள் ஓடின. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களிலும் 1970களின் பெரும்பகுதியிலும் இலங்கைக்குள் புதிய கார்கள் வருவது அரிதாயிற்று. எனவே இருந்தவற்றைச் சாகவிடாமல் காப்பது ஒரு கலையாகவே வளர்ந்தது. 1990இல் மீண்டும் போர் மூண்டு, வடபகுதிக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது, என் மாமா தனது ஏ-40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டியதை நான் கண்ணாரக் கண்டிருக்கின்றேன். முதலில் சிறிதளவு பெற்றோலைக் கொடுத்து இயந்திரத்தை இயக்கிச் சூடாக்குவார். பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அழுத்தம் குறைந்த அந்தப் பழைய இயந்திரங்கள் இருமிக்கொண்டும் புகைத்துக்கொண்டும் அதனை ஏற்றுக்கொண்டன. அத்தகைய பட்டறையில் பழகிய கைகள் அப்பாவின் கைகள்.

அவர் 1985இல் டென்மார்க் வந்து, மத்திய யூலாந்தில் இக்காஸ்ட் பகுதியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். இங்கே ஒரு விடயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் காரின் விலை என்பது காரின் விலை மட்டுமன்று. அக்காலத்தில் புதிய காரொன்றின் பெறுமதியில் முதற்பகுதிக்கு 105 வீதமும், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 180 வீதமும் பதிவுவரியாக அறவிடப்பட்டன. மேற்பகுதியில் வரும் ஒவ்வொரு 100 குரோணருக்கும் 180 குரோணர் வரி! தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவருக்குப் புதிய கார் கனவிலும் எட்டாது. பழைய கார் வாங்கலாம். அதிலும் ஒரு விந்தை உண்டு. சிறிய, உறுதியான பழைய கார்களை எல்லோரும் தேடுவதால் அவற்றின் விலை இறங்குவதில்லை. பெரிய, பகட்டான கார்களோ முதல் உரிமையாளரிடமும் இரண்டாம் உரிமையாளரிடமும் தம் விலையை இழந்து, மூன்றாமவரிடம் மலிவாக வந்து சேரும். அந்த மூன்றாமவர் பெரும்பாலும் எம்மைப் போன்றவர்.

1987 கோடையில் அப்பா 22,000 குரோணருக்கு அந்த நீலக் காரை வாங்கினார். எட்டு வயதுக் கார். எங்களை அழைப்பதற்கான விண்ணப்பம் அனுப்பப்பட்டிருந்தது. அவ்வாண்டு நத்தாருக்குள் மனைவியும் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள் என்று அவர் நம்பினார். பின்னிருக்கை அகலமானது, பிள்ளைகள் படுத்து உறங்கலாம் என்பதே அவர் அதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் கூறிய காரணம். அதன் அழகைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கூறியதில்லை. ஆனால் அது மட்டுமே காரணமாயின் நான்கு விளக்குகள் எதற்கு என்று அம்மா கேட்பார்.

1987இன் பிற்பகுதியில் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்கள் இந்நாட்டில் முடக்கப்பட்டன. 1989 வரை அவை அசையவில்லை. 'தமிழர் வழக்கு' என்று டேனிஷ் வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பெற்றுவிட்ட இவ்விடயம் விசாரிக்கப்பட்டு, 1993 தை மாதத்தில் ஓர் அரசாங்கமே பதவி விலகியது. பெரிய மாணவர்கள் இதனைத் தமது டேனிஷ் ஆசிரியர்களிடம் கேட்டறிதல் நன்று. நான் சொல்ல வருவது அந்தக் காரைப் பற்றி மட்டுமே. தனியொருவருக்கு இத்தனை பெரிய கார் எதற்கு என்று அப்பா நம்பர்த் தகடுகளைக் கழற்றி ஒப்படைத்தார். தகடில்லாத காருக்கு வரியுமில்லை, காப்புறுதியுமில்லை. கார் தொடர்மாடியின் பின்புறம் ஒரு துணியின் கீழ் நின்றது. அவர் சைக்கிளில் வேலைக்குப் போனார்.

ஓடித் தேய்வதிலும் நின்று கெடுவது காருக்குக் கொடிது. மின்கலம் தானாகவே வடிந்து, தட்டுகளில் கந்தகப் படிவு ஏறும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரம் உள்ளிருந்தே இரும்பைத் துருவாக்கும். இறப்பர் முத்திரைகள் காய்ந்து வெடிக்கும். பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்ணிய துளைகளை அடைக்கும். இவை யாவும் அப்பாவுக்குத் தெரியும். மாதத்துக்கொருமுறை துணியை விலக்கி இயந்திரத்தை இயக்கிவிட்டு மூடுவாராம். ஆனால் ஓடாத காரைச் சற்றே இயக்கி நிறுத்தினால், புகைபோக்கிக்குள் நீர் தேங்கி அதுவும் துருப்பிடிக்கும். இவ்வாறு மூன்று குளிர்காலங்கள்.

1991 தை மாதத்தில் நாங்கள் கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் இறங்கினோம். அப்பா நீலக் காரில் வந்திருந்தார். அப்போது ஸ்டோரபெல்ட் பாலம் இல்லை. அது கார்களுக்குத் திறக்கப்பட்டது 1998 யூன் 14ஆம் திகதி. அந்நாட்களில் ஹல்ஸ்கோவ் துறையில் காரோடு கப்பலேறி, ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலில் சென்று, குனுஸ்ஹூவெட் துறையில் இறங்க வேண்டும். கப்பல் கரையை அடைந்தது. முன்னால் நின்ற கார்கள் யாவும் ஓடின. எங்கள் கார் மட்டும் அசையவில்லை. கப்பல் பணியாளர்கள் அதனைத் தள்ளிக் கரையேற்றினார்கள். பின்னர் ஃபல்க் நிறுவனத்தின் இழுவை லொறி வந்தது. 1906இல் சோபுஸ் ஃபல்க் என்பவர் தொடங்கிய அந்த மீட்புச் சேவையை அறியாத டேனிஷ்காரர் இல்லை. அம்மா இந்நாட்டில் முதன்முதலாகக் கற்ற டேனிஷ் சொல் 'நன்றி' அன்று, 'வணக்கம்' அன்று, 'ஃபல்க்' என்பதே.

அழகிய கார்கள் ஏன் இவ்வளவு செலவு வைக்கின்றன? 1955 ஒக்ரோபரில் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோவன் நிறுவனம் டி.எஸ். என்ற காரை அறிமுகஞ் செய்தபோது, முதல் நாளிலேயே ஏறத்தாழ 12,000 பேர் அதற்குப் பதிவு செய்தனர். அதில் சக்கரங்களைத் தாங்குவதும், பிரேக் பிடிப்பதும், ஸ்ரியறிங் திருப்ப உதவுவதும், கியர் மாற்றுவதும் ஒரே எண்ணெய் அமைப்பின் அழுத்தத்தினாலேயே நிகழ்ந்தன. மிதப்பது போன்ற பயணம். ஆனால் ஓரிடத்தில் எண்ணெய் கசிந்தால் நான்கும் நோயுறும். அப்பாவின் கார் அந்த வகையன்று. எனினும் உயர்தரக் கார் எதுவானாலும் இயல்பு இதுதான். காருக்கு வயதாக அதன் விலை இறங்கும். அதன் உதிரிப்பாகத்தின் விலை இறங்காது. 22,000 குரோணர்க் காருக்கும் புதிய கார் ஒன்றின் பாகத்தையே வாங்க வேண்டும். அதன்மேல் திருத்துபவரின் மணிக்கூலி. அதன்மேல் 1992 முதல் 25 வீத விற்பனை வரி.

அம்மா கடும் சிவப்பு அட்டைக் கொப்பி ஒன்றில் கணக்கெழுதி வந்தார். ஊருக்கு அனுப்பியது, பயணக் கடன், வீட்டு வாடகை என்ற வரிசையில் 'மூத்தவர்' என்றொரு தலைப்பும் இருக்கும். "உங்கட அப்பாவின்ர மூத்த பிள்ளைக்கு இந்த மாசமும் சுகமில்லை" என்பார். தண்ணீர்ப் பம்பி, பின் பிரேக்குகள், மின்னாக்கி, மீண்டும் தண்ணீர்ப் பம்பி.

கராஜுக்குப் போகும்போது மொழிபெயர்ப்பாளன் நான். அங்கே நடந்தவற்றுள் ஒன்றை மறக்க இயலாது. இயந்திரத்தில் ஓர் ஒலி எழுந்தது. கராஜ்காரர் பட்டி தளர்ந்துவிட்டது என்றார். அப்பா தலையசைத்து, "பேரிங் அழுகுதெண்டு சொல்லு" என்றார். பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பேரிங் என்பதற்கு டேனிஷ் சொல் எங்கே தெரியும்? உள்ளே ஏதோ ஒன்று அழுகின்றது என்று அப்பா சொல்வதாகக் கூறினேன். அவர் உரக்கச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, ஒரு நீண்ட திருகாணிச் சாவியை எடுத்து, அதன் முனையைத் தண்ணீர்ப் பம்பியின் மீது வைத்து, பிடியைக் காதோடு பொருத்திக் கேட்டுவிட்டு, அவரிடம் நீட்டினார். கராஜ்காரரும் கேட்டார். பின்னர் பட்டியைக் கழற்றிப் பம்பியைக் கையால் சுழற்றிப் பார்த்தார்; அது ஆடிற்று. அன்று முதல் அவர் என்னைப் பாராமல் அப்பாவைப் பார்த்தே பேசலானார். மொழிதான் இருவருக்கும் இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு மூலையையும் தம் ஆயுதங்களையும் அப்பாவுக்குத் தந்தார்.

1995 புரட்டாதியில் கியர்ப்பெட்டி உடைந்தது. 14,000 குரோணர் ஆகும் என்றார் கராஜ்காரர். அதில் கூலி பாதிகூட இல்லை. அப்பா பணம் சேர்க்கத் தொடங்கினார். ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அப்பாச்சியும் மாமி குடும்பமும் சாவகச்சேரியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருப்பதாகச் செய்தி வரப் பல வாரங்கள் சென்றன. சேர்த்த பணம் முழுவதும் கொழும்பு உறவினர் ஊடாக அங்கே போயிற்று. அந்த மாதக் கணக்கில் 'மூத்தவர்' என்ற தலைப்பின் கீழ் அம்மா ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கின்றார். அப்பா மறுபடியும் தகடுகளைக் கழற்றினார்; மறுபடியும் துணி; மறுபடியும் சைக்கிள். பனியில் விழுந்து எழுந்து வந்த நாட்களிலும் அவர் காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரவில் சமையலறை யன்னலால் அந்தத் துணி மூடிய உருவத்தைப் பார்த்தபடி தேநீர் அருந்துவார்.

அடுத்த வைகாசியில், கார் உடைக்கும் இடம் ஒன்றில் அதே ரகக் கார் வந்திருப்பதாகக் கராஜ்காரரே தொலைபேசியில் அறிவித்தார். 1,800 குரோணருக்குக் கியர்ப்பெட்டி கிடைத்தது. இரண்டு சனிக்கிழமைகள், தமிழ் வகுப்பு முடிந்ததும் நான் நேரே அங்கே போய் விளக்குப் பிடித்தேன். எண்ணெய் ஒழுக ஒழுக இருவரும் அதனை ஏற்றினார்கள். ஒருவர் டேனிஷிலும் மற்றவர் தமிழிலும் திட்டினார்கள்.

1998இல் தனியார் கார்களுக்குக் காலமுறைப் பரிசோதனை கட்டாயமாயிற்று. பரிசோதகர் காரை உயர்த்தி, அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டு போனார். ஓரிடத்தில் சுத்தியல் உள்ளே போயிற்று. பனிக்காலத்தில் வீதிக்கு இடும் உப்பும், நின்ற ஆண்டுகளின் ஈரமும் சேர்ந்து அரித்திருந்தன. அப்பா கீழே குனிந்து தம் விரலால் அந்தத் துளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். கியர்ப்பெட்டி வந்த இடத்துக்கே கார் முழுவதுமாகப் போயிற்று. அம்மா கொப்பியைக் கூட்டினார்: பதினொரு ஆண்டுகளில் திருத்தச் செலவு 61,400 குரோணர். கூட்டிவிட்டு, "கொஞ்சம் கண்ணைக் கசக்குது" என்று எழுந்து போனார். வெங்காயம் ஒன்றும் அன்று உரிக்கப்படவில்லை.

அதன்பின் சிறியதொரு யப்பானியக் கார் வந்தது. ஒன்பது ஆண்டுகள், ஒரு காலையேனும் தவறாமல் இயங்கிற்று. அது சாம்பல் நிறமா வெள்ளையா என்று எனக்கும் தங்கைக்கும் இன்றும் வாக்குவாதம்.

நீலக் காரின் ரகத்தைச் சேர்ந்தவை இன்று 35 வயதைக் கடந்து, இந்நாட்டுச் சட்டப்படி 'வெட்ரான்' கார்களாகிவிட்டன. எட்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை போதும். விலையோ அப்பா கொடுத்ததைப் போல் பல மடங்கு. சென்ற கோடையில் அவ்வாறான ஒன்று, அதே நீலம், விற்பனைக்கு வந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான்கு விளக்குகளையும் இருக்கைகளையும் வெகுநேரம் பார்த்தார். விலையைக் கேட்கவில்லை.

"எத்தனை வருசமா ஓடாமல் நிண்டதெண்டு முதல்ல கேள்" என்றார்.