கிள்ளான் கடைத்தெருவில் ஒரு பட்டு

தீபாவளி நெருங்கும் வேளையில் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போயிருக்கிறீர்களா? கேரித் தீவு, பந்திங், காப்பார் பக்கத்துத் தோட்டத்தார் பலருக்கும் ஜவுளி என்றால் அந்தத் தெருதான். ரயிலில் வந்தால் கிள்ளான் நிலையத்தில் இறங்கிப் பொடிநடையாகப் போய்விடலாம். அப்பளம் பொரியும் வாசனையும் கடைக்குக் கடை முழங்கும் பாட்டும் உங்களுக்கு வழி காட்டும்.

அண்மையில் என் அக்காள் மகளின் கல்யாணச் சாமான் வாங்க நாங்கள் மூவரும் போனோம். முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, மறுவீட்டுக்கு ஒன்று என்று மூன்று காஞ்சிபுரம் பட்டு வேண்டுமாம் பெண்ணுக்கு. அக்காளின் சீட்டுப் பணம் ஒன்றுக்குத்தான் காணும். "மீதிக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம், சித்தி" என்றாள். அந்தக் கடனைக் கொடுப்பவர் யார், வட்டி எப்படி ஏறும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முப்பது வருடம் பால்மரம் வெட்டிய அக்காள் ஒரே பேச்சாகச் சொன்னார்: "ஒன்றுதான். ஆனால் அது அசலாக இருக்கட்டும்."

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய முறைக் காஞ்சிப் பட்டில் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் தனித்தனி நாடா ஓட்டிக் கோர்த்து நெய்வார்கள். இதற்குக் கோர்வை என்று பெயர். கைத்தறியில் துணைக்கு இன்னொரு ஆளும் உட்கார வேண்டியிருக்கும். விலை ஏறுவது சும்மா இல்லை. சேலையைத் திருப்பிப் பார்த்தால் கரை சேரும் இடத்தில் அந்தக் கோர்வை தெரியும். ஓர் இழையை வாங்கிக் கொளுத்துங்கள். பட்டானால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். முதல் கடையில் அசல் என்று சத்தியம் செய்தவர், நூல் கேட்டதும், "தண்ணி குடிக்கிறீங்களா அக்கா?" என்று பேச்சை மாற்றினார்! மூன்றாவது கடையில்தான் மாம்பழ நிற உடலும் அரக்குக் கரையுமாக ஒன்று அமைந்தது.

அடுத்து ரவிக்கை. ஜரிகைப் பூவேலை செய்த ரவிக்கைக்குத் தையற்காரர் சொன்ன கூலியில் இன்னொரு சேலையே எடுக்கலாம். நம் நாட்டு வெக்கையில் முதலில் வியர்வை பட்டு நைந்துபோவது ரவிக்கைதான். வியர்வை ஜரிகையையும் கறுக்கச் செய்யும். ஆகவே சேலையோடு வந்த ரவிக்கைத் துண்டை வெட்டாமல் வைத்துவிட்டு, அஞ்சடியில் தொங்கிய ஆயத்த ரவிக்கைகளில் அரக்கு நிறமாக ஒன்றை எடுத்தோம். நிறத்தைக் கரையோடு சேர்த்துப் பாருங்கள், அதுவும் கடை விளக்கில் வேண்டாம், வெயிலில் வந்து பாருங்கள். உள்பாவாடை பருத்தியாகவே இருக்கட்டும். சாட்டினில் பட்டு நிற்காது, வழுக்கும். வளையலும் செருப்பும் நடைபாதைச் சரக்குதான். சேலைக்குக் கீழே செருப்பை யார் பார்க்கப் போகிறார்கள்?

பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள். "அப்போ வரவேற்புக்கு?"

அக்காள் தம் பையைத் திறந்தார். 1983இல் தாம் கட்டிய கூறைப்பட்டை எங்களுக்குச் சொல்லாமலே கொண்டு வந்திருந்தார். பல வருடம் ஒரே மடிப்பில் பெட்டியில் கிடந்ததால் மடிப்போரமெல்லாம் கீறியிருந்தது. (உங்கள் வீட்டுப் பட்டை அவ்வப்போது மடிப்பு மாற்றி வையுங்கள்.) கரை மட்டும் அப்படியே இருந்தது.

வெறும் ஜார்ஜெட் சேலை ஒன்று மலிவு விலையில் வாங்கி, இரண்டையும் மாடியில் இருந்த தையற்காரரிடம் கொடுத்தோம். அந்தக் கரையை வெட்டி இதில் வைத்துத் தைக்க வேண்டும். அவர் கத்தரியை எடுத்துவிட்டு, "வெட்டட்டுமாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"வேண்டாம்மா" என்றாள் பெண்.

"வெட்டுங்க" என்றார் அக்காள். வெட்டி முடியும் வரை ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிஞ்சிய துணியைத் தாமே மடித்து, பழைய மடிப்பில் படாமல், பையில் வைத்துக்கொண்டார்.