பழுதை இடம் மாத்திப் பாரு

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு குறையைச் சேர்த்தே சொல்வார்கள். "மிதிச்சா திக்குது, அறுபதைத் தாண்டினா ஊன்னு சத்தம் வருது." பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிகள் உடனே பானட்டைத் திறக்கப் போவார்கள். வேண்டாம். முதலில் வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து போய் வாருங்கள். எந்த கியரில் திக்குகிறது, ஏசி போட்டால் கூடுகிறதா, இன்ஜின் சூடானதும் மாறுகிறதா என்று கவனியுங்கள். 60 கி.மீ. வேகத்தில் ஒருமுறை நியூட்ரல் போடச் சொல்லுங்கள். இன்ஜின் அடங்கிய பிறகும் சத்தம் அப்படியே வந்தால் இன்ஜினை விடுங்கள், அது சக்கரத்துப் பக்கம்.

எங்கள் மேஸ்திரி ஸ்பேர் வாங்க யாரையும் அவசரமாகக் கடைக்கு அனுப்ப மாட்டார். "சந்தேகம் இருக்கிற பார்ட்டை இடம் மாத்திப் போடுடா. பழுதும் கூடவே போச்சுன்னா அதுதான்" என்பார். ஸ்கேனர் வந்த பிறகும் அந்தப் பேச்சு பழசாகவில்லை. பி 0302 என்று கோடு காட்டினால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அவ்வளவுதான். காரணத்தை அது சொல்லாது. பிளக்குக்குப் பிளக் தனிக் காயில் இருக்கிற வண்டியில் இரண்டாவது காயிலை மூன்றாவதில் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி 0303 வந்தால் காயில் போயிருக்கிறது. இரண்டிலேயே நின்றால் அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள், அதற்கடுத்து இன்ஜெக்டர்.

கழற்றின பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் வைக்காதீர்கள். சில நேரம் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும். கரண்ட் நுனிக்குப் போகாமல் அந்த வழியாக இறங்கியிருக்கிறது. ஏன் என்று பிளக் குழிக்குள் டார்ச் அடித்தால் தெரியும். விற்பதற்கு முன் பளபளப்புக்காக இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருப்பார்கள், குழியில் ஈரம் நிற்கும். அல்லது டேப்பட் கவர் பேக்கிங் கசிந்து ஆயில் இறங்கிக் காயிலின் ரப்பரை ஊற வைத்திருக்கும். பேக்கிங்கை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாற்றினால் புதுசும் அதே கதிக்குத்தான் போகும்.

ஸ்கேனரில் கோடு எதுவும் வராமல் மேட்டில் மட்டும் இழுவை குறைந்தால் பெட்ரோல் லைனில் கேஜ் மாட்டுங்கள். ஐடிலில் சரியாக நின்ற பிரஷர், மிதித்ததும் இறங்கினால் பம்ப், இல்லையென்றால் அதன் அடியிலுள்ள வடிகட்டி.

சத்தத்துக்கு வருவோம். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தேயுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் பிசிறு கையில் தட்டினால் அலைன்மென்ட். சுற்றுவாக்கில் மேடும் பள்ளமுமாக இருந்தால் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்த டயர். ரோடு மாறினால் டயர் சத்தமும் மாறும், பேரிங் சத்தம் அவ்வளவாக மாறாது. முன் டயரைப் பின்னால் போட்டுப் பார்த்தால் சத்தமும் பின்னால் போகும்.

பேரிங்கை அப்படி மாற்ற முடியாது, ஆனால் பாரத்தை மாற்றலாம். காலியான ரோட்டில் மெல்ல வலப்பக்கம் வளையுங்கள். எடை இடது சக்கரத்தில் ஏறும். சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங். பிறகு ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றும்போது, மேஸ்திரி சுருள் ஸ்பிரிங்கை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். காதுக்கு எட்டாத கரகரப்பு விரலுக்கு வந்துவிடும். இது சொல்லி வருவதல்ல. நல்ல பேரிங், கெட்ட பேரிங் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பழகவேண்டும்.

முன் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் அதே வண்டி அதே சத்தத்தோடு திரும்பும். அடி குண்டுகள் வழியாக இறங்கி, ஓடும் தடத்தில் குழி விழுந்திருக்கும். பிரஸ்ஸில் வைத்து, வெளி வளையத்தை மட்டும் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். ஏபிஎஸ் வண்டிக்கு வரும் பேரிங் பலவற்றில் ஒரு பக்க சீலில் காந்தப் பட்டை இருக்கும். மெல்லிய பேப்பர் கிளிப்பை அருகில் காட்டினால் லேசாக இழுக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பி ஏற்றினால் சத்தம் போய்விடும், டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.