சிட்டிலிங்கி கற்பித்த பாடம்

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகச் செல்லும் பேருந்து மலைச்சாரலை நெருங்க நெருங்க, காற்றின் குணமே மாறிவிடுகின்றது. ஒருபுறம் கல்வராயன் மலை. மறுபுறம் சித்தேரி மலை. இரண்டுக்கும் இடையே மஞ்சளும் மரவள்ளியும் சாமையும் விளையும் பள்ளத்தாக்கு. தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கி இதுவே. ஊரார் வாயில் ‘சிட்லிங்’ என்று சுருங்கி வழங்கும். மலையாளிப் பழங்குடியினரும் இலம்பாடி மக்களும் இங்கே வாழ்கின்றனர்.

சென்னையில் மருத்துவக் கல்வி மூன்றாம் ஆண்டு பயிலும் என் தங்கை மகனுக்குத் துணையாக நான் அங்கே சென்றிருந்தேன். விடுமுறையில் இரண்டு வாரம் தொண்டு செய்வது அவன் திட்டம். “கல்லூரி மருத்துவமனையில் கூட்டம் அதிகம், மாமா. தையல் போடக்கூட எங்கள் முறை வருவதில்லை. இங்கே நிறையச் செய்யலாம்” என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் ஆர்வம் எனக்குப் பெருமையாகவும், சற்றே அச்சமாகவும் இருந்தது.

இவ்வூர் மருத்துவமனையின் வரலாறு கேட்போரை வியக்கவைப்பது. 1993-ஆம் ஆண்டில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் இங்கு வந்தபோது, பக்கத்து மருத்துவமனை என்பதே 48 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அறுவை மருத்துவம் வேண்டுமாயின் நூறு கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டும். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மடிந்த காலம் அது. ஊர்மக்கள் கூடிக் கட்டிக்கொடுத்த ஒரு குடிசை, ஒரு நூறு வாட் விளக்கு, ஒரு மரப்பலகை: இவற்றைக் கொண்டே மகப்பேறும் அறுவையும் நடந்தேறின. பின்னாளில் அந்த 147 என்னும் எண்ணிக்கை இருபது அளவுக்கு இறங்கியது.

இவ்வளவும் இரு மருத்துவர்களால் மட்டும் ஆகிவிடவில்லை. அதிகம் படித்திராத உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்து, நோயறியவும் மகப்பேறு பார்க்கவும் பயிற்சி தந்து நலப்பணியாளர்களாக உருவாக்கினர். அத்தகைய ஒருவரிடந்தான் என் மருமகன் பாடம் கற்க நேர்ந்தது.

இரண்டாம் நாள் காலை. இரத்த அழுத்தம் மிகுந்த முதியவர் ஒருவர் வந்திருந்தார். மாத்திரை தீர்ந்து மூன்று வாரமாகியும் அவர் வரவில்லை என்பது ஏட்டிலிருந்து தெரிந்தது. என் மருமகன் தன் குறிப்பேட்டில், ‘மருந்தில் அக்கறையற்றவர்’ என்று எழுதினான். பின்னர், உப்பைக் குறைக்க வேண்டும், பழங்கள் உண்ண வேண்டும், அடுத்த வாரம் தவறாமல் வரவேண்டும் என்று அடுக்கினான். முதியவர் எல்லாவற்றிற்கும் தலையசைத்தார்.

அருகிலிருந்த நலப்பணியாளர் அம்மையார் மெல்லக் கேட்டார்: “பெரியவரே, மஞ்சள் வெட்டு முடிஞ்சுதா?” முடியவில்லை. இன்னும் பத்து நாள் வேலையிருக்கிறது. இங்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். வீட்டிலோ அவர் ஒருவர்தான் சம்பாதிப்பவர். களிக்குத் தொட்டுக்கொள்ளப் பெரும்பாலும் ஊறுகாய்தான் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. அம்மையார் ஒரு மாதத்துக்குரிய மாத்திரையை எண்ணிக் கொடுத்து, அவர் சந்தைக்கு வரும் நாளையே மறுமுறை வரும் நாளாகக் குறித்தார். ஊறுகாய்க்குப் பதிலாகக் கீரை கடைய மருமகளிடம் தாமே சொல்வதாகவும் கூறினார்.

“தம்பி, அவர் வரலைன்னா ஏன் வரலைன்னு நாமதானே கேக்கணும்?” என்றார் என் மருமகனிடம். அவன் வாய் திறக்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் அவன் ஒரு தையல்கூடப் போடவில்லை. போட அனுமதிக்கவும் இல்லை. அது சரியே. நகரத்து நோயாளியிடம் செய்யத் தகாததை மலைவாழ் ஏழையிடம் செய்து பழகுவது தொண்டு ஆகாது. அவருடைய வறுமையைப் பயன்படுத்திக்கொள்வதே ஆகும். மாறாக அவன் ஏடுகளை ஒழுங்குசெய்தான். நலப்பணியாளர்களோடு சிற்றூர்களுக்கு நடந்தான். கருவுற்ற தாய்மாரின் எடையைக் குறித்தான். உழவர்களைக் கூட்டி இயற்கை வேளாண்மைச் சங்கம் அமைக்கவும், இலம்பாடிப் பெண்களின் பூத்தையற்கலைக்கு உயிரூட்டவும் ஒரு மருத்துவமனை ஏன் முன்வந்தது என்பதையும் மெல்ல விளங்கிக்கொண்டான். நிலமும் வருவாயும் நலிந்தால் உடலும் நலியுமன்றோ!

மருத்துவம் பயிலும் பிள்ளைகளைப் பெற்ற அன்பர்களே! விடுமுறையில் இத்தகைய இடங்களுக்கு அவர்களை அனுப்ப அஞ்சாதீர்கள். ஆனால் சான்றிதழுக்காகவோ, ஓரிரு நாள் வேடிக்கைக்காகவோ அனுப்பாதீர்கள். முன்கூட்டி இசைவு பெற்று, சில வாரங்களேனும் தங்கி, இட்ட பணியைச் செய்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிவரட்டும். கொடுக்கப் போகிறோம் என்று புறப்படுகிறவர் பெற்றுத் திரும்பும் பயணம் இது.

திரும்பும் பேருந்தில் என் மருமகன் குறிப்பேட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். ‘அக்கறையற்றவர்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதியிருந்தான்: ‘மஞ்சள் வெட்டு. ஒருநாள் கூலி. கேட்கத் தவறியவன் நான்.’