மூன்றாம் இடத்தில் நின்றவன்

பகிடிவதை பற்றிய பேச்செழும்போதெல்லாம் என் நினைவு பல்கலைக்கழக வாயிலில் நிற்பதில்லை. எங்கள் ஊர்ப் பாடசாலையின் வேப்பமர நிழலுக்கே செல்கின்றது. அங்கேதான் நாங்கள் கிளித்தட்டு விளையாடினோம். அணி பிரிக்கும் உரிமை எப்போதும் ஒருவனுக்கே இருந்தது. அவன் ஓட்டத்தில் வல்லவன். வாய்ச்சொல்லில் அதனிலும் வல்லவன். இறுதிவரை அழைக்கப்படாது நிற்பவனும் எப்போதும் ஒருவனே. அவனுக்குப் பேச்சுத் திக்கும். நான் இவ்விருவருக்கும் இடையில் நின்றேன். தலைவன் திக்கிப் பேசிக் காட்டுகையில் முதலிற் சிரிப்பவன் நானே. சிரித்தால் மறுநாள் விரைவில் அழைக்கப்படுவேன் என்பதைப் பத்து வயதிலேயே கற்றிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் கிளித்தட்டு இல்லை. அணிகள் மட்டும் மாறவில்லை. விளையாட்டிற் பெற்ற தலைமை வகுப்பறையின் அதிகாரமாயிற்று. பேசிக் காட்டிய கேலி, புத்தகங்களைக் கிணற்றடியில் வீசும் கொடுமையாயிற்று. வீசியவை என் கைகளல்ல. நான் சிரித்தேன், அவ்வளவே. ஒருநாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. பின்னர் வரவேயில்லை.

1970களில் ஸ்கந்திநேவிய நாடுகளில் இத்துறை ஆய்வைத் தொடக்கிவைத்த டான் ஒல்வியஸ், கொடுமை செய்வோனையும் அதற்குள்ளாவோனையும் தம் ஆய்வின் நடுவில் வைத்தார். 1996இல் பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லியும் குழுவினரும், 12, 13 வயது மாணவரிடையே ஆறு பாத்திரங்களைக் கண்டனர்: கொடுமை செய்வோன், துணைபோவோன், சிரித்து ஊக்குவிப்போன், விலகி நிற்போன், காத்து நிற்போன், கொடுமைக்குள்ளாவோன். அவ்வரிசையின் மூன்றாம் இடத்தில் என்னையே கண்டேன்.

இப்போது சிந்திக்கையில் ஒன்று தெளிவாகின்றது. எங்கள் தலைவன் செல்வாக்குடையவன். ஆயினும் எவராலும் விரும்பப்பட்டவனல்லன். நாங்கள் அவனை அஞ்சினோம். அவ்வச்சத்தையே அன்பென எண்ணி அவனும் மயங்கினான். அவனுடைய செல்வாக்கு எங்கள் சிரிப்பினால் எழுந்தது. சிரிப்பு நின்றிருந்தால் அதுவும் நின்றிருக்கும்.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதை செய்வோரையும் அதிற் பங்குகொள்வோரையும் தண்டிக்கின்றது. ஆனால், கூட்டத்தில் எழுந்து அடங்கும் ஒரு சிரிப்பை எந்தச் சட்டம் தேடிப் பிடிக்கும்?

கடந்த ஆண்டு, விடுதி முற்றத்தில் முதலாம் வருட மாணவன் ஒருவனைத் தன் பெயரைச் சொல்லுமாறு சிலர் பணித்தனர். அவன் அச்சத்தினால் திக்கினான். சுற்றி நின்றோர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. ஆயினும் பேசவுமில்லை. மூன்றாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றுள்ளன. ஐந்தாம் இடம் ஓரடி தூரத்திலேயே இருந்தது; அன்று என் கால் எழவில்லை.