கம்மிய குரல்

சீத்தா கேம்ப்பின் சந்துகளில் சத்தம் போட்டால்தான் காரியம் நடக்கும். தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல, மாடி அறையில் இருக்கும் மருமகளைக் கூப்பிட, ‘காந்தா, பட்டாட்டா’ விற்க, எல்லாவற்றுக்கும் தொண்டைதான் முதல். தள்ளுவண்டியில் காய்கறி விற்ற ஒரு திருநெல்வேலிக்காரருக்கு எழுபதைத் தாண்டியதும் அந்த முதல் கரைந்தது. ‘வயசாச்சு, தொண்டை கட்டியிருக்கு’ என்று வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். நான்கு மாதம் ஓடியது. பீடி மட்டும் நிற்கவில்லை.

வயதானால் குரல் மெலிவது உண்மைதான். குரல்நாண்களின் தசை இளைத்து, இரண்டும் நடுவில் சரியாகச் சேராமல் காற்று கசியும். ஆனால் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அதுவும் புகைபிடிப்பவருக்கு, அதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. டாக்டர் சின்னக் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும். பெரியவருக்குக் குரல்நாணில் புற்றுநோய். நல்லவேளை, ஆரம்ப நிலை.

பரேல் டாடா மெமோரியலில் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கதிர்வீச்சு. இதில் ஒரு வேடிக்கை. 1976இல், நெருக்கடி நிலையின்போது, பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியைக் காலி செய்து, அங்கிருந்தவர்களைச் சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அவரும் அப்படி வந்தவர்தான். அந்த மையத்தை நடத்தும் அணுசக்தித் துறையின் கீழ்தான் 1962 முதல் டாடா மெமோரியலும் இருக்கிறது. வீட்டைப் பிடுங்கிய துறையே வைத்தியமும் பார்த்தது என்று சொல்லிச் சிரிப்பார், சத்தம் வராமல்.

கட்டி போனது, பழைய குரல் வரவில்லை. கதிர்வீச்சு குரல்நாண்களை இறுக்கும், ஈரம் சுரக்கும் சுரப்பிகளை வறளச் செய்யும். சிலருக்குச் சில மாதத்தில் தேறும். சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் இறுக்கம் கூடும். வீட்டில் மனக்கசப்பு இங்கிருந்துதான் ஆரம்பித்தது. மகன் கேட்டதற்கு அவர் பதில் சொல்வார். ஃபேன் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. மூன்று தரம் சொல்லி அலுத்துப்போய், பேசுவதையே விட்டுவிட்டார். ‘அப்பாவுக்குக் கோபம்’ என்றானது.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் முதலில் தடுத்தது கிசுகிசுப்பதையும் தொண்டையைக் கனைப்பதையும்தான். இரண்டுமே குரல்நாணை வருத்துமாம். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர். தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா விட்டு ‘ஊ’ என்று சத்தத்தோடு குமிழி விட வேண்டும். பேரன்களுக்கு அது விளையாட்டு. அவருக்குத் தினமும் வேலை. கரகரப்பு திடீரென்று கூடினால் நோய் திரும்பியதா என்றும் பார்க்க வேண்டுமாம். அதனால் பரிசோதனைத் தேதி எதையும் அவர் தவறவிடுவதில்லை.

குரல் சந்தைத் தாண்டும் அளவுக்குத் தேறவில்லை. வண்டி மகன் கைக்குப் போய்விட்டது. இப்போது வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் அவரிடம் பேசுகிறார்கள்.