ஈர்க்குச்சி முனையில் ஓர் இறால்

கொளத்தூருக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கப்பியோ, மோலியோ, தங்கமீனோ பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிக்கொண்டு பைக்கில் திரும்பிவிடுவார்கள். மாடியிலும் கொல்லையிலும் சிமெண்ட் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்க்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. அங்கே வளர்வது அநேகமாக எல்லாமே நன்னீர் மீன். உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் கடைகள் குறைவு. அப்படி ஒரு கடையில் லயன் ஃபிஷ் என்ற கடல் மீனுக்குத் தீனி பழக்குகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நண்பர் சொன்னதால் போனேன். பழக்குவதற்கு என்ன இருக்கிறது, போட்டால் தின்னப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் நுழைந்தபோது ஒரு அப்பாவும் பையனும் லயன் ஃபிஷ் தொட்டி முன்னால் நின்றிருந்தார்கள். பையன் கையில் செல்போன் வீடியோவுக்குத் தயாராக இருந்தது. "ஒரு கோல்டு ஃபிஷ் போடுங்கண்ணே, லபக்குனு முழுங்கும்ல?" என்றான்.

"அது இங்க கிடையாது தம்பி" என்றார் கடைக்காரர். பக்கத்துத் தொட்டியிலேயே ஐம்பது தங்கமீன் நீந்திக்கொண்டிருந்தது. அவர்கள் முகம் வாடிப் போன பிறகு என்னிடம் சொன்னார்: "அஞ்சு ரூபா மீன போட்டு ஒரு மீனக் கொல்லலாம் சார். ஆனா உடனே சாகாது, ஆறு மாசம் ஆகும். அதான் யாருக்கும் தெரியல."

தங்கமீன் கெண்டை இனம். அதன் உடலில் தயாமினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். அதையே தின்று வளரும் மீன் நாளாவட்டத்தில் நிலை தடுமாறும், வலிப்பு வந்ததுபோலத் துடிக்கும். கடல் மீனுக்குத் தேவையான நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் தங்கமீனில் போதாது. நன்னீர் மீன்கள் அவற்றை ஓரளவு தாமே உடலில் ஆக்கிக்கொள்ளும்; கடல் மீன்களில் பலவற்றால் அது முடியாது, இரையிலிருந்துதான் வந்தாக வேண்டும். தேவையற்ற கொழுப்போ ஈரலில் போய்ப் படியும். கடைக்காரர் இதையெல்லாம் இந்தச் சொற்களில் சொல்லவில்லை. "வயிறு ரொம்புது, உடம்புல ஒட்டல" என்றார். அதுவே போதும்.

அவர் என்ன வாங்குகிறார் என்று பார்க்க மறுவாரம் விடியற்காலை அவரோடு காசிமேடு போனேன். ஏலக் கூச்சலுக்கும் ஐஸ் வண்டிகளுக்கும் நடுவே, பெரிய மீன் இருக்கும் பக்கம் அவர் திரும்பவே இல்லை. விரல் நீளக் கிழங்கான், ஓட்டோடு சின்ன இறால், கொஞ்சம் கணவாய். நெத்திலி மலிவாகக் குவிந்து கிடந்தது, தொடவில்லை. நெத்திலி, மத்தி கூட்டத்தைச் சேர்ந்த மீன்கள் சிலவற்றிலும் அந்த நொதி உண்டு. உறைய வைத்தாலும் அது அழியாது, வேக வைத்தால்தான் அழியும். நமக்கு நெத்திலிக் குழம்பால் ஆபத்தில்லாமல் போனதற்கு அடுப்புக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

"பூனைக்கா தம்பி?" என்று கூடைக்காரம்மா கேட்டார்.

"வீட்டு மாப்பிள்ளைக்குக்கா."

"மாப்பிள்ளைக்கு இந்தச் சுண்டைக்காய் கிழங்கானா? நல்லா வச்சிருக்க மாமனாரு!"

கடைக்குத் திரும்பியதும் மனைவியும் அவருமாகக் கழுவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி பிரீசரில் அடுக்கினார்கள். சின்ன மீனைக் குடலோடும் முள்ளோடும் முழுசாகவே வைக்கிறார்கள். வெறும் சதைத் துண்டில் சுண்ணாம்புச் சத்து ஏது? இறாலின் ஓட்டையும் உரிப்பதில்லை. கணவாயை மட்டும் ஈர்க்குப்போல் மெல்லிசாக நறுக்குகிறார் அந்தம்மா. கோழி, ஆட்டு இறைச்சி கூடவே கூடாதாம், அந்தக் கொழுப்பு இதற்குச் செரிக்காது. போடுகிற அன்று எடுத்து உருகவிட்டு, உருகிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வைட்டமின் சொட்டில் ஊறவைக்கவேண்டும். உருகிய தண்ணீரைத் தொட்டியில் சேர்த்தால் பாசிக்குத் தீனி போட்டதுபோல் ஆகிவிடும்.

இனிதான் உண்மையான வேலை. லயன் ஃபிஷ்ஷுக்கு அசைவதுதான் இரை. செத்த இறால் முன்னால் விழுந்தால் அதற்கு அது கல். எனவே முதலில் உப்புநீருக்குப் பழக்கிய உயிர் மோலி. மோலியை மெல்ல மெல்லப் பழக்கினால் கடல் உப்பிலும் பிழைக்கும். சில நாள் கழித்து உயிர் இறால். பிறகு, உயிரோடு இருப்பதற்குப் பக்கத்தில் செத்தது ஒன்று. கடைசியில் குச்சி. ஆரம்பத்தில் தென்னை ஈர்க்குச்சியில்தான் செருகிக் காட்டினாராம். முனை வாயில் குத்தும் என்பதால் இப்போது முனை மழுங்கிய அக்ரிலிக் குச்சி. பேச்சில் மட்டும் இன்னும் 'ஈர்க்குச்சி'தான்.

விளக்கைக் குறைத்தார். அந்தியும் விடியலும்தான் இந்த மீனின் வேட்டை நேரம். பாறைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட உடம்பு, மடிப்புக் கலையாத விசிறிபோல மார்புத் துடுப்புகள். குச்சி உள்ளே இறங்கியது. முனையிலிருந்த இறால் ஓடவில்லை. சற்று நின்றது, நடுங்கியது, பின்னால் நழுவியது, மறுபடி நின்றது. பயந்த இறால் எப்படிப் போகும் என்று அவருடைய மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. மீன் துடுப்புகளை விரித்து அதை மூலையில் ஒதுக்கியது. ஒதுக்கிவிட்டு, வெறுமனே பார்த்தது. இரண்டு நிமிடம். அவர் கை நடுங்கவில்லை, என் கழுத்துதான் வலித்தது. மீன் திரும்பிப் போய்விட்டது.

"இன்னிக்கு அவ்ளோதான்" என்று இறாலை வெளியே எடுத்துவிட்டார். உள்ளே கிடந்தால் அழுகி அம்மோனியா ஏறும். "நாலு நாளாச்சு சாப்ட்டு. பரவால்ல. புதுசா புடிச்சு வந்து தலைக்குப் பின்னால ஒட்டிக் கிடந்தா பட்டினி போடக்கூடாது, உயிர்த்தீனியே குடுத்துத் தேத்தணும். இது கொழுகொழுன்னு இருக்கு."

செங்கடலில் இந்த மீன்களை ஆராய்ந்த லெவ் ஃபிஷெல்சன் 1997-இல் எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது: வயிறு முட்டத் தின்றால் இரைப்பை 30 மடங்குக்கு மேல் விரியும், இரை கிடைக்காவிட்டால் 12 வாரத்துக்கு மேலும் தாங்கும். பவளப்பாறையில் விருந்து எப்போது வருமென்று தெரியாது, வந்தால் விடக்கூடாது என்று அமைந்த உடம்பு. வீட்டுக் கூடத்தில் தினமும் விருந்து. இரை மலிந்த இடத்தில் கடலிலேயே இது கெட்டுப்போகிறது: அட்லாண்டிக்கில் அந்நிய மீனாகப் பெருகிய லயன் ஃபிஷ்ஷைப் பிடித்து அறுத்தவர்கள் வயிற்றுக்குள் கட்டிகட்டியாகக் கொழுப்பைக் கண்டிருக்கிறார்கள். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு, மூன்று வேளை போதும். ஆனால் கண்ணாடி அருகே போனாலே மேலே வந்து நம் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சும் ஒரு ஜீவனிடம் இல்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? நம் வீடுகளில் அன்பு என்றாலே இன்னொரு கரண்டிதானே.

மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்க் இருந்தது. டீயா என்றேன். வெந்நீர். லயன் ஃபிஷ்ஷுக்கு முதுகில் 13, அடிவயிற்றுத் துடுப்புகளில் 2, வாலுக்கு முன் அடியில் 3 என்று 18 முட்களிலும் விஷம். சூட்டில் அந்த விஷம் வீரியம் இழக்கும் என்பதால், குத்தினால் தாங்கக்கூடிய வெந்நீரில் கையை முக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒருமுறை பாறையை நகர்த்தும்போது கட்டைவிரலில் வாங்கியிருக்கிறார். "தப்பு என்னுது சார். அது பாட்டுக்கு நின்னுட்டிருந்துச்சு."

மூன்றாம் முறை போனது ஒரு வியாழன் மாலை. கூட்டமில்லை. குச்சி முனையில் இறாலுக்குப் பதில் கணவாய்க் கீற்று. அதே நடுக்கம், அதே நழுவல். மீன் ஒதுக்கியது, பார்த்தது. பிறகு வாய் திறந்ததே எனக்குத் தெரியவில்லை, கீற்றைக் காணோம். குச்சி மட்டும் தண்ணீரில் லேசாக ஆடியது. அவர் சிரிக்கவில்லை, நோட்டில் தேதி போட்டு 'கணவாய், செத்தது' என்று எழுதிவைத்தார். இரண்டாம் துண்டு கொடுக்கலாமே என்றேன். தலையை ஆட்டிவிட்டார்.

அப்போது போன் அடித்தது. போன மாதம் மீன் வாங்கிப் போனவர். மேலே மேலே வந்து வாயைத் திறக்கிறதாம், பாவமாக இருக்கிறதாம், எவ்வளவு போடலாம் என்று கேட்டார்.

"நேத்து என்ன போட்டீங்க சார்?"

மறுமுனையில் ஏதோ நீளமாகப் பட்டியல் ஓடியது. இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னிக்கு ஒண்ணும் போடாதீங்க. நாளைக்கும் வேணாம். லைட்ட அணைச்சுட்டு நீங்க போய்ச் சாப்டுங்க சார்."